இளந்தலைவர்க்கு முதற்பாடம்

சிவமயம்

சைவ நன்மக்களே,

ஒரு மடத்தையோ, ஒரு திருக்கோயிலையோ, ஒரு கல்விச்சாலையையோ, ஓர் ஊரையோ நடத்தும் பொறுப்பு இளமைப் பருவத்திலேயே ஒருவர்பால் வந்து சேருமாயின், அவர்க்கு முதற்கண் கற்பிக்கத் தக்கது யாது என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இஃது ஏட்டளவில் நின்றொழியும் வினா அன்று. நம் ஆதீனங்களிலே சின்னப்பட்டம் ஏற்போர் உளர். தந்தைக்குப்பின் அறக்கட்டளைகளைக் கையேற்கும் இளைஞர் உளர். பள்ளிகளையும் கழகங்களையும் நடத்த முன்வருவோர் உளர். நாட்டின் சட்டமோ பதினெட்டு ஆண்டு நிரம்பியவர்க்கு வாக்குரிமையையும், இருபத்தோராண்டு நிரம்பியவர்க்கு ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் உரிமையையும் அளித்திருக்கின்றது. இவருள் ஒருவர் இடும் கையொப்பத்தினால் நூறு குடும்பங்கள் உண்பதும் உண்ணாதொழிவதும் ஆகும் நாள் வந்தே தீரும். அந்நாள் வருதற்கு முன் அவரை எங்ஙனம் ஆயத்தஞ் செய்வது?

வாய்மை, ஈகை, நடுவுநிலைமை, பிறர் பொருள் வெஃகாமை என அறங்களை நிரல்படக் கூறி மனனஞ் செய்வித்தால் அமையும் என்பர் ஒரு சாரார். அவை கற்பிக்கத் தக்கனவே, ஐயமில்லை. ஆயினும் அவற்றைக் கேட்டறியாத தலைவர் யாண்டும் இலர். மேடையேறி அவற்றை விரித்துரைக்க வல்லாரே தம் கடமையில் வழுவுதலையும் உலகங் கண்டுவருகின்றது. ஆகலின் குறை நூலறிவின் சிறுமையில் இல்லை, பிறிதோரிடத்தில் உளது. அவ்விடத்தைக் காட்டுவது நமது சித்தாந்தம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் ஆசிரியர் துணிபு. செம்மலரின் பக்கலில் வைத்த பளிங்கு சிவப்பாகவும், கருங்குவளையின் பக்கலில் வைத்த பளிங்கு கருமையாகவும் தோன்றுமாறு போல, உயிர் தான் சார்ந்ததனோடு வேற்றுமையின்றி நின்றுவிடும். தலைமைப் பதவி யென்பது மிக அடர்ந்த நிறமுடையதொரு சார்பு. அதனைச் சார்ந்தவன் சின்னாளில், ‘இப்பதவி என்பால் வந்தது’ என்று எண்ணுதலை விடுத்து, ‘இப்பதவியே யான்’ என்று எண்ணத் தலைப்படுவான். அவ்வெண்ணத்திற்கு வேர் ஆணவமலம். அம்மலத்தின் கொடுமையை உமாபதிசிவனார் திருவருட்பயனில் விளக்கியருளிய நுட்பம் ஈண்டுப் பெரிதும் சிந்திக்கத் தக்கது. புறவிருள் தன்னுள் அகப்பட்ட பொருள்களை மறைக்குமாயினும், இருள் இருக்கின்றது என்பதனைக் கண்ணுக்கு ஒளிப்பதில்லை. ஆணவமோ பொருள்களை மறைப்பதோடமையாது, தான் இருப்பதனையும் மறைத்துக்கொள்ளும்.

இதன் பயன் யாதெனின், கூறுதும். தலைவனது குறை அவனுக்குத் தோன்றாதபடி அகத்தே ஆணவம் மறைக்கின்றது. புறத்தே அவனைச் சூழ்ந்தோர் மறைக்கின்றனர். அவன் நகைத்தவழி நகைத்தும், சினந்தவழிச் சினந்தும், அவன் விரும்பும் செய்தியையே கொணர்ந்தும் நிற்போர் பதவியுள்ள இடத்தில் ஒருநாளும் குறைவதில்லை. குடிமகன் ஒருவன் பிழைசெய்தால் அயலான் இடித்துரைப்பான். தலைவன் பிழைசெய்தால் அயலான் கைகட்டி நிற்பான். அகத்தும் புறத்தும் இங்ஙனம் இருமடங்கு மறைப்புக்கு உட்பட்ட ஓர் இளைஞனுக்கு அறங்களின் பெயரை மாத்திரம் சொல்லிக்கொடுத்தல், விளக்கேற்றாத அறையில் இருப்பவன் கையில் ஏட்டைக் கொடுத்தல் போலும். அவனுக்கு வேண்டுவது விளக்கு. அஃதாவது, தன் செயலுக்கு விடை கேட்கும் உரிமை பிறர்க்கு உண்டென ஒப்புதலும், அவர் வந்து கேட்டற்குரிய வாயிலைத் தானே திறந்து வைத்தலுமாம். இதுவே இளந்தலைவர்க்கு முதற்பாடம் என்பது நம் கருத்து. ஏனைய அறங்கள் எல்லாம் இதன்மேல் நிற்பன.

இப்பாடத்தை ஓர் அரசனுக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவர் நம் மரபில் விளங்குகின்றனர். அவர் குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான். அவர்பால் கற்றவன் அநபாய சோழன், கி.பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே அவன் என்பர் வரலாற்றாசிரியர். அவ்வரசன் சீவகசிந்தாமணியில் தோய்ந்திருக்கக் கண்ட சேக்கிழார், அமைச்சராயிருந்தும் அஞ்சாது, அவன் உள்ளத்தைத் திருத்தொண்டர் வரலாற்றின்பால் திருப்பினர் எனச் சேக்கிழார் புராணம் கூறும். சிந்தாமணியின் கவிச்சுவையைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. திருவாவடுதுறை ஆதீனத்திலே தமிழ் கற்ற உ. வே. சாமிநாதையரே அதனை 1887-ஆம் ஆண்டில் அச்சிட்டு உலகிற்கு அளித்தார். நாம் நோக்கத் தக்கது, சேக்கிழார் அரசனுக்கு எதனைக் கொடுத்தனர் என்பதே.

அவர் கொடுத்தது அரசியல் நூலன்று. ஆளும் உபாயங்களைத் தொகுத்த ஏடுமன்று. தொண்டர்களின் வரலாறு. அதனுள் அரசரும் உளர். ஆயின் அவர் அரியணைமேல் தனித்து வைக்கப்பட்டிலர். குயவராகிய திருநீலகண்டரும், வண்ணாராகிய திருக்குறிப்புத்தொண்டரும், நுளையராகிய அதிபத்தரும், வேடராகிய கண்ணப்பரும், புலைப்பாடியிற் றோன்றிய திருநாளைப்போவாரும் நிற்கும் அதே வரிசையில், அவர்க்கு முன்னும் பின்னுமாகச் சோழரும் சேரரும் பாண்டியரும் நிறுத்தப்பட்டிருக்கின்றனர். முடிசூடிய மாணவன் ஒருவன் தன் குலத்து முன்னோரை அவ்வரிசையிற் கண்டபோதே பாடத்தின் பாதி முடிந்தது என்க. அவ்வரிசையிற் சேரமான் பெருமாளைப் பாருங்கள். முடிசூடிய அன்றே யானைமேல் நகர்வலம் வருகின்றார். உவர்மண் உடலிற் படிந்து வெளுத்த வண்ணானொருவன் எதிரே வர, திருநீறு பூசிய அடியாரின் கோலத்தை அவன்பாற் கண்டு யானையினின்றும் இறங்கி வணங்குகின்றார். அவன் அஞ்சித் தன் தொழிலைச் சொல்லியபோதும், வணங்கியதற்கு அவர் நாணினாரல்லர். தாமும் அடியவனே எனக் கூறி, வருந்தாது செல்க என அவனைத் தேற்றுகின்றார். பதவியேற்ற முதல்நாளில் ஒருவன் செய்யத்தக்கது யாதென்பதற்கு இதனின் மிக்க பாடம் யாதுளது?

இனி, அந்நூலில் நாயன்மார் வரலாறு தொடங்குதற்கு முன்னரே, திருவாரூர் நகரச் சிறப்பைச் சொல்லுமிடத்து, மனுநீதிகண்ட சோழனின் கதையைச் சேக்கிழார் வைத்த குறிப்பையும் ஆராய்வோம். அக்கதையிற் பிழைபட்டவன் யார்? அரசனல்லன், அவனுடைய மகன், அரசாளப் பயிலும் இளைஞன். அவன் தீயவனுமல்லன். சேனை சூழத் தேரூர்ந்து வருகின்றான்; துள்ளி வந்த ஆன்கன்று தேர்க்காலிற் புகுந்து மாள்கின்றது. அறியாது நேர்ந்த அத்தீங்கிற்கு உள்ளம் நடுங்கி, தந்தை செவிக்கு எட்டுமுன் மறையவர்பால் கழுவாய் தேடி ஓடுகின்றான். இதற்குள் தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சிமணியைக் கொம்பினால் அசைக்கின்றது. அமைச்சர் நூல்வழிக் கழுவாயைக் கூறுகின்றனர். அரசன் இசைந்திலன். பிறனொருவன் என் நாட்டில் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாய் சொல்வேனோ என்பது அவன் வினா. உயிர்களுக்குப் பகைவராலும் கள்வராலும் விலங்குகளாலும் வரும் அச்சத்தோடு, ஆளும் தன்னாலும் தன் பரிசனத்தாலும் வரும் அச்சத்தையும் நீக்குதலே காவலன் கடன் என அவன் உணர்ந்திருந்தான்.

இக்கதை நம் நாட்டார் உள்ளத்தில் வேரூன்றியது. சேக்கிழார்க்கு முற்பட்ட விக்கிரமசோழன் காலத்துக் கல்வெட்டொன்றும் இதனைக் கூறும். திருவாரூரிலே கற்றேர் இன்றும் நின்று நினைவூட்டுகின்றது. ஆயினும் இளைஞர்க்கு இதனைக் கூறுங்கால் நாம் தேரையே பெரிதும் பேசுகின்றோம். மணியைப் பேசுதல் குறைவு. மகனைத் தேர்க்காலில் இட்டது ஒருநாட் செயல்; அதனை அங்ஙனமே பின்பற்றுமாறு இக்காலத்தார்க்கு எவரும் உபதேசியார். மணியைக் கட்டி வைத்ததோ நாடோறும் நிகழ்ந்த செயல். அது யார்க்கும் இயல்வது. அம்மணி அரண்மனைக்குள்ளே இருந்ததன்று, வாயிலில் இருந்தது. வாய்பேசும் ஆற்றலில்லாத பசுவும் எட்டி அசைக்கும் உயரத்தில் இருந்தது. காவலர் அதனைத் தடுத்திலர். இம்மூன்றும் பொருந்தாத மணி எத்துணைப் பெரிதாயினும் மணியன்று. முறையிடுதற்கு இடமுண்டென்று பெயரளவில் ஏற்படுத்தி, அவ்விடத்தை ஏழை எட்டவியலாத உயரத்தில் வைத்து, எட்டியவனையும் வாயிற்காவலர் துரத்துவாராயின், அத்தலைவன் மனுநீதிகண்டவன் கதையை ஆயிரமுறை கூறினும் பயனென்னை?

மற்றொரு நுட்பம் புகழ்ச்சோழ நாயனார் வரலாற்றில் உளது. கருவூரிலே அவருடைய பட்டத்து யானை சிவகாமியாண்டார் இறைவற்கென்று கொணர்ந்த பூங்கூடையைச் சிதறியது. எறிபத்தர் சினந்து யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினர். செய்தி கேட்டுப் படையொடு வந்த மன்னர், நடந்ததை உணர்ந்தவுடன், யானையும் பாகரும் பட்டமை போதாது, இதற்குரிய நானும் பட வேண்டும் எனத் தம் வாளையே நீட்டினர். பின்னொருகால் அவர் ஆணையின்படி போர்மேற் சென்ற படைஞர் வென்று கொணர்ந்த தலைகளுள்ளே சடைத்தலையொன்றைக் கண்டார். அக்கொலையைச் செய்தவர் அவரல்லர். செய்யுமாறு அவர் பணித்தவருமல்லர். எனினும், ‘படைஞர் பிழை’ என்று அவர் ஒதுங்கினாரல்லர். மைந்தனுக்கு முடிசூட்டுவித்து, அத்தலையைப் பொற்றட்டில் தாங்கித் தீயினுட் புகுந்தார். ஏவியவனும் விடைசொல்லக் கடவன். ஏவாதன தன் கீழ் நிகழினும் விடைசொல்லக் கடவன். ‘எனக்குத் தெரியாது நடந்தது’ என்பது குடிமகனுக்கு விடையாகலாம். தலைவனுக்கு அதுவே குற்றச்சாட்டாம். தெரிந்துகொள்ளும் பொருட்டன்றோ அவனை அவ்விடத்தில் வைத்தனர்?

இனித் திருத்தொண்டர் வரிசையே எவ்வாறு தோன்றிற்று என்பதனை நினைமின். நம்பியாரூரர் நரசிங்கமுனையரையரின் அரண்மனையிலே அரசிளங்குமரராய் வளர்ந்தவர். இந்நிலவுலகில் பதினெட்டாண்டே வாழ்ந்தவர் என்பது மரபு. இறைவனே தோழனாய் நின்ற பெருமையும் அவர்க்கு இருந்தது. இளமை, செல்வாக்கு, இறைவனருள் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த அவரைத் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் புறத்தே ஒருநாள் மலைநாட்டுச் செங்குன்றூரினின்றும் வந்த விறன்மிண்ட நாயனார் கண்டனர். அங்கிருந்த அடியார்களை நேரே வணங்காது ஆரூரர் ஒதுங்கிச் செல்கின்றார் எனக் கருதி, அவர் அடியார் கூட்டத்திற்குப் புறம்பானவர் என்றும், அவரை ஆண்ட இறைவனும் அங்ஙனமே என்றும் துணிந்து கூறினர். ஆரூரர் உள்ளத்தே அடியார்க்கு அடியராகும் வேட்கையே நிறைந்திருந்தது எனச் சேக்கிழார் தெளிவிக்கின்றார். ஆகவே தம்மேல் வந்த சொல் பொருந்தாது என மறுத்தற்கு அவர்க்கு இடமிருந்தது; தோழராகிய இறைவன்பால் முறையிடவும் இடமிருந்தது. அவர் இரண்டுஞ் செய்திலர். இறைவன் அடியெடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகையைப் பாடி, ஒவ்வோர் அடியார்க்கும் தம்மை அடியராக்கிக்கொண்டனர். இடித்துரைத்தவர் அத்தொகை கேட்டு மகிழ்ந்தனர். அவர் பெயரும் அத்தொகையுள் நிலைபெற்றது. இறைவனும் அவரைக் கணநாதராக்கி அருளினன்.

சைவ அன்பர்களே, ஓர் இளந்தலைவர் இடித்துரையைத் தாங்கிக்கொண்டமையாலன்றோ நமக்குத் தொகை கிடைத்தது! தொகை வழியே அந்தாதியும், அந்தாதி வழியே பெரியபுராணமும் கிடைத்தன. விறன்மிண்டரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் பரிசனம் ஆரூரரைச் சூழ்ந்திருந்ததாயின், இன்று நம் சமயத்தின் நிலை என்னாகும்? ஒவ்வொரு மடத்தாரும் ஒவ்வொரு கோயிலாரும் தனித்திருந்து எண்ணத் தக்கது இது.

பிள்ளைமைப் பருவத்திலேயே பெருங்கூட்டத்திற்குத் தலைமை பூண்டவர் ஆளுடைய பிள்ளையார். திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது, அவர்க்கும் ஆளுடைய அரசுக்கும் இறைவன் நாடோறும் ஒவ்வொரு காசு அளித்தனன். அதுகொண்டு இருவர் திருமடத்தும் அடியார்க்கு அமுது அளிக்கப்பட்டது. நாவுக்கரசர் மடத்திற் காலத்தே அமுது ஆயிற்று. பிள்ளையார் மடத்திற் காலம் தாழ்த்தது. பிள்ளையார் அதனைக் கவனித்தார், காரணம் வினவினார். அவர் பெற்ற காசு கடைத்தெருவில் வட்டம் கழித்தே மாற்றப்படுகின்றது. அரசர் பெற்ற காசு வட்டமின்றிச் செல்லுகின்றது, அவர் உழவாரங்கொண்டு கைத்தொண்டு செய்தலின், என விடை வந்தது. பிள்ளையார் சினந்தாரல்லர், பணியாளரைக் கடிந்தாரல்லர், மூத்தவரோடு அழுக்காறு கொண்டாரல்லர். தம் காசின் வாசி தீருமாறு இறைவனைப் பாடி வேண்டி, அடியார் காலத்தே உண்ணச் செய்தார்.

இந்நிகழ்ச்சியில் இளந்தலைவர் கற்கத் தக்கவை பல. தன்னை நம்பியிருப்போர் உண்ணும் நேரம் தாழ்க்கின்றது என்பதைத் தலைவன் தானே கவனித்தல் வேண்டும். கவனித்தபின் காரணம் வினவுதல் வேண்டும். வினவியபோது மெய்யைச் சொல்லும் துணிவு பணியாளர்க்கு இருத்தல் வேண்டும். அத்துணிவு அவர்க்கு உளதாவது தலைவனது முகத்தைப் பொறுத்தது. கையால் உழைத்தவனது காசுக்கு மதிப்பு மிகுதி என்பது உணர்த்தப்பட்டால் அதனை ஏற்றல் வேண்டும். முடிவில் தன் பெருமை குறைந்ததே என்று வருந்தாது, பசித்தோர் பசி தீர்தலையே நாடல் வேண்டும். இக்காலத்துத் தலைமைப் பயிற்சி என்று வகுக்கப்படும் பாடங்களிலும் இதனின் மிக்கன பல இருப்பதாகத் தோன்றவில்லை.

புராணத்தின் வழியே கண்டதனைக் கல்வெட்டின் வழியும் காண்போம். காஞ்சிபுரத்தின் அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்திலே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட சாசனங்கள் இரண்டு உள. ஊர் வாரியத்திற்குக் குடவோலை வாயிலாக ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதியை அவை கூறும். பின்னைய விதியின்படி ஓலையில் எழுதப்படுவோர்க்கு வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தார் விலக்கப்பட்டனர். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டார் விலக்கப்பட்டனர். அவர் மாத்திரமோ, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஒருமுறை வாரியஞ் செய்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் வருதலும் கூடாது. அவ்விதி மறையவர் வாழ்ந்த பிரமதேய ஊரொன்றிற்கு உரியது. நிலமும் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. ஊரார் அனைவரும் அவ்வுரிமை பெற்றாரல்லர். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கணக்குக் காட்டாதவன் மறுபடியும் தலைமைக்கு ஆகான் என ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்னரே கல்லிற் பொறித்தனர் நம் நாட்டார் என்பது போற்றத் தக்கது. அன்று முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து பழகியவர்க்கே அத்துணைக் காவல் வேண்டப்பட்டதெனின், இன்று இருபத்தொன்றில் வருவார்க்குப் பயிற்சி எத்துணை வேண்டும்!

ஈண்டுச் சில தடைகள் எழும். தலைமை முன்னைப் புண்ணியத்தின் பயன்; அதனை நுகர்வான் ஒருவன் பிறர்க்கு விடைசொல்லக் கடமைப்படுதல் எற்றிற்கு என்பது ஒன்று. அற்றன்று. இருக்கையைத் தந்தது பிராரத்தம். அவ்விருக்கையிலிருந்து செய்வன ஆகாமியம். முன்னையது நுகர்ச்சியாய்க் கழியும். பின்னையது வித்தாய் முளைக்கும். நெற்கூடு நிறைந்திருத்தல் பழவினைப் பயனாகலாம்; அதனைப் பூட்டி வைப்பதும் திறந்து விடுவதும் புதுவினையே. அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டுத் தம் கொட்டகாரத்திலே நெல் திருடப் புகுந்து அகப்பட்டவனை இடங்கழி நாயனார் ஒறுத்தாரல்லர். அவனே தம் பண்டாரம் எனக் கொண்டு, அடியார் வேண்டுவன எடுத்துச் செல்கவெனப் பறையறைவித்தார்.

இரண்டாவது தடை, மடத்தலைவர் குருமூர்த்தமாகலின் அவரை வினவுதல் குருநிந்தையாம் என்பது. குருவின் அருள்நிலை வேறு, நிருவாகம் வேறு. மந்திரோபதேசத்திற்குக் கணக்குக் கேட்பார் எவருமிலர். நெல்லுக்கும் பணத்திற்கும் நிலத்திற்கும் கேட்டல் சிவத்துரோகத்தைத் தடுத்தலாமன்றி நிந்தையாகாது. கோயில் நிலங்களின் கொள்வினை கொடுப்பினைகள் சண்டேசுவரர் பெயராலேயே நடந்தமை கல்வெட்டுக்களால் விளங்கும். அப்பெருமான் யார்? சேய்ஞலூரிலே ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு பொறாது, ‘இனி நானே மேய்ப்பேன்’ எனக் கோலேந்திய சிறுவர். சிவனுடைமையைக் காக்கும் பதவி அச்சிறுவர்க்கே கிடைத்தது. இன்றும் வழிபாடு முடித்து வெளிச்செல்லும் ஒவ்வொருவரும் அவர் சந்நிதியில் நின்று, சிவன் சொத்தில் யாதும் எடுத்துச் செல்கின்றிலேம் என இருகையையும் விரித்துக் காட்டுகின்றோம். யாதும் எடாதவனும் காட்டுகின்றான், ஏழையும் காட்டுகின்றான். அங்ஙனமாயின், திறவுகோல் உடையவன் காட்ட வேண்டுவதில்லையோ?

மூன்றாவது தடை, சமுதாயத் தொண்டு உலகியல், மோட்ச சாதனத்திற்குப் புறம்பு என்பது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே வழிபடுமாறு ஞானிக்கே விதித்தது. திருமூலரும் நடமாடும் உயிர்க்கு ஈந்தது கோயிலுறை இறைவனைச் சேரும் எனக் கொண்டனர். இக்கருத்தை வாழ்ந்து காட்டினோர் அண்மைக்காலத்தும் உளர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையில் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சிறுவர்க்குப் பாலபாடம் எழுதியவர். பஞ்சம் வந்த 1877-இல் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோரைக் காத்தவரும் அவரே. தருமபுர ஆதீனத்திலே தம்பிரானாய்ப் பயின்று, முப்பது வயது நிரம்புமுன்னரே குன்றக்குடித் திருமடத்தின் தலைமையேற்ற அடிகளார் (1925–1995), காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தாரின் துணைகொண்டு ஊரார்க்குத் தொழில் பெருக்கும் திட்டம் கண்டனர். கற்பித்தலும் கஞ்சி வார்த்தலும், திருமுறை ஓதுதலும் தொழில் அமைத்தலும் ஒரே தொண்டின் இரு கைகள் என்பதை இவர்கள் நிறுவினர்.

இனிச் செய்யத்தக்கது யாது? நான்கு கூறுகின்றோம். முதலாவது, கையொப்பமிடும் உரிமை கொடுக்குமுன் துடைப்பத்தைக் கொடுத்தல்: இளையவர் ஓராண்டேனும் திருமடைப்பள்ளியிலும், பசுக்கொட்டிலிலும், திருவீதியிலும் பெயர் தெரியாத் தொண்டராய் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கொருமுறை வரவு செலவுக் கணக்கை அவரே சபைமுன் வாசித்து, அங்கு எழும் வினாக்களுக்குக் கணக்கரை நோக்காது தாமே விடை கூறுதல். மூன்றாவது, திங்கட்கொருநாள் குத்தகையாளரும், ஓதுவாரும், மேளக்காரரும், மெய்க்காவலரும், மாணவரும் பரிசனமின்றி நேரே வந்து குறைகூற இடங்கொடுத்து, கூறியதை எழுதிக்கொண்டு, அடுத்த திங்களுக்குள் விடையளித்தல், இது வாயில்மணி. நான்காவது, தவறு கண்டவழி இடித்துரைக்கும் உரிமையுடைய மூத்தோர் ஒருவரை நியமித்தல். அவருடைய சோறு தலைவர் கையில் இருத்தலாகாது. விறன்மிண்டர் செங்குன்றூரினின்றும் வந்தவர் என்பதை மறவற்க.

இவையனைத்தும் இளையவர்க்கு உரிய என்று மூத்தோர் அமைதியுறுதல் பொருந்தாது. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார், குழந்தைப் பருவத்தினராகிய மெய்கண்டதேவர்பால் ஆணவத்தின் நிலையை வினவி நின்றபோது, தேவர் அவரையே ஏற இறங்க நோக்கினர். தாம் நின்ற நிலையே அதற்கு விடை என உணர்ந்த பண்டிதர் அடிவீழ்ந்து மாணவரானார். வயதும் கல்வியும் மாணவரும் புகழும் நிறைந்த ஒருவர் குழந்தையின் முன் தம் குறையை ஒப்பி வீழ்ந்தமையாலேயே நம் சந்தானம் வழுவாது நின்றது. மூத்தோர் தம்மை வினவுதற்கு இடங்கொடாது, இளையோரை மாத்திரம் விடைசொல்லப் பழக்குதல் ஆகாத காரியம். இளமையில் அவர்க்குப் பல்லக்கும் பரிவட்டமும் கொடுத்து, அவர் பிழையை மூடி வைத்து, ‘ஆதீனப் பெருமை’, ‘கோயிற் பெருமை’ என்று அதற்குப் பெயருமிட்டால், ஆணவத்தின் தொழிலை நாமே செய்தவராவோம். கன்று மாண்டதை மறைத்து வைத்தோர் கூட்டத்தில் நம்மையும் எண்ணுவர் பின்னுள்ளோர்.

கற்பித்தல் பயன்படுமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். தில்லையில் நூல் அரங்கேறியபின், அநபாயன் சேக்கிழாரை யானைமேல் ஏற்றித் தானும் பின்னிருந்து கவரி வீசினன் எனப் புராணம் கூறும். தனக்குக் கீழுள்ள அமைச்சர்க்குக் கவரி வீசிய கை பாடம் கற்ற கை. அவன் மகன் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்துக் கோயிலிலே திருத்தொண்டர் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக இன்றும் விளங்குகின்றன. தந்தை செவியாற் கேட்டதை மைந்தன் கல்லில் நிறுத்தினன். அமைச்சர் ஒருவர் அஞ்சாது கூறிய சொல் இரண்டு தலைமுறை அரசரைத் தொண்டர் வரிசையை நோக்கச் செய்தது.

நம்பால் வளரும் இளைஞர்க்கும் அச்சொல்லைக் கூறுவோம். நம்மை நோக்கி அவர் கூறினும் கேட்போம். சண்டேசுவரர் சந்நிதியிற் போல, பொறுப்பேற்ற ஒவ்வொருவரும் நாடோறும் உலகின்முன் கைவிரித்துக் காட்டும் நெஞ்சுரத்தைத் தில்லைக் கூத்தப்பெருமான் அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.